இடுப்போடு நின்ற பரிசோதனை

எனக்குப் பின் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் கையளிப்புக் குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். தந்துவிட்டேன். எந்தக் குளிர்ப்பெட்டியில் எந்த இரத்த மாதிரி, எந்தப் படிவம் எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தாதியிடம் காபி குடிக்கும் முன் பேசக் கூடாது, எல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. அந்த வரிசையில் எங்கே சேர்ப்பது என்று தெரியாத ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. வேறு வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த மருத்துவமனை நடைபாதையில் சில வருடங்கள் நின்றால் ஓய்வு பெற்றவர்களுக்குரிய சலிப்பு இளம் வயதிலேயே கிடைத்துவிடும். உங்களுக்கும் கிடைக்கும். பொறுத்திருங்கள்.

நடைபாதையின் இடது பக்கம் இரத்தப் புற்றுநோய்கள். வலது பக்கம் தன்னுடல் தாக்கு நோய்கள், அதாவது உடம்பின் காவல் அணுக்களே அந்த உடம்பைப் பகையாக நினைத்துத் தாக்குபவை. இரண்டுக்கும் பேராசிரியர் ஒருவர்தான். இரண்டு துறையிலும் கட்டுரை வெளியிடுபவர் என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. அவருடைய வெளியீட்டுப் பட்டியலை அச்சிட்டால் அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துவிடும். விருந்தினர் யாராவது வந்தால் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே பட்டியலின் நீளத்தைச் சொல்லிவிடுவார். இடது பக்கத்துக்காரர்களும் வலது பக்கத்துக்காரர்களும் ஒரே மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்குவார்கள். நோயாளிகளைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கட்டுரை ஒன்று ஏற்கப்பட்டால் கேக் வெட்டுவது இங்கே வழக்கம் என்பதை இதற்குள் கண்டிருப்பீர்கள். கேக்கின் மேல் கட்டுரையின் தலைப்பு இருக்க வேண்டும் என்பது பேராசிரியரின் விருப்பம். கேக் சொல்லிவைப்பது என் பொறுப்பாக இருந்தது, இனி உங்களுடையது. நகரின் வில்லரே பகுதியில் இருக்கும் பேக்கரிக்கார அம்மாள் முதல் தடவை தலைப்பை வாசித்துவிட்டு, "மதாம், இது கேக்கா, வாசற்கதவா?" என்று பிரெஞ்சில் கேட்டார். அதனால் ஒவ்வொரு தலைப்பையும் நான்கு சொல்லுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. பல கட்டுரைகளுக்கு நான்கு சொல்லே தாராளம் என்பது சுருக்கும்போது தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வலது பக்கத்தில் சொரியாசிஸ் நோய்க்கு ஊசி மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதில் சேர்ந்தவர்களில் சிவராசா ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், வில்லரேவாசி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வரும்போது அவருடைய முதுகும் முழங்கையும் முழங்காலும் செதில் செதிலாக இருந்தன. கடியில், அதாவது அரிப்பில், நித்திரை இல்லை. கடிக்குக் கொடுத்த மாத்திரையோ பகலிலும் தூங்க வைத்தது. தூங்கி விழுபவரை வண்டியில் ஏற்ற முடியாது என்று களஞ்சியத்தில் அவரைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட விட்டார்கள்.

ஊசி தொடங்கிக் கொஞ்ச காலத்தில் முதுகு துடைத்து வைத்ததுபோல் ஆனது. நித்திரை வந்தது. வண்டியும் திரும்பக் கிடைத்தது. மனிதருக்குச் சந்தோஷம். எங்கள் ஆட்களுக்கு அதைவிடச் சந்தோஷம், ஏனென்றால் அவ்வளவு அழகாகக் குணமான முதுகு வேறு யாரிடமும் இல்லை. அந்த முதுகு கட்டுரையின் முதல் படமாகப் போகிறது என்று முடிவாகிவிட்டது. கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தவர் கார்த்திக், சென்னையிலிருந்து வந்த முனைவர். சிவராசாவை அவர் நேரில் கண்டதே இல்லை. ஆனால் முதுகைத் தெரியும். "சூப்பர் முதுகுங்க அது," என்பார், யாரோ நடிகரைப் பற்றிப் பேசுவதுபோல.

சிவராசாவுக்குப் பிரெஞ்சு வேலைக்குப் போதும், வைத்தியத்துக்குப் போதாது. மொழிபெயர்ப்பாளரை முறைப்படி அழைக்கலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும். "துளசி இருக்கிறாளே" என்று என்னைக் காட்டினார்கள். இதே நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸில் வளர்ந்தவள், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், ஆய்வகத்தில் பிரெஞ்சு, மின்னஞ்சலில் ஆங்கிலம். இப்படிப்பட்ட ஒருத்தி சும்மா கிடைத்தால் எந்த ஆய்வகம் விடும்? ஒவ்வொரு வருகையிலும் நான் அறைக்குள் நின்றேன்.

பரிசோதனை இப்படி நடக்கும். மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்வார். சிவராசா கழற்றுவார். முதுகு, வயிறு, கை. பிறகு கால். அவர் காற்சட்டையை முழங்கால் வரை கவனமாகச் சுருட்டிக் காட்டுவார். "மேலே ஏதாவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்பார். நான் தமிழில் கேட்பேன். "இல்லைப் பிள்ளை, அங்க ஒண்டும் இல்லை," என்பார் சிவராசா, சுவரைப் பார்த்தபடி. நான் அதைப் பிரெஞ்சில் சொல்வேன். மருத்துவர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவார். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே இருந்த மனிதரை எங்கள் ஆய்வு கண்ணால் கண்டதே இல்லை. முழு உடலையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஆய்வின் நெறிமுறையில் தெளிவாக எழுதியிருந்தது. எழுதியதே போதும் என்று நினைப்பது நம் துறையின் பழக்கம்.

ஒரு நாள் அவரை மின்தூக்கி வரை கொண்டுபோய் விட்டேன்.

"வண்டி ஓட்டம் எப்பிடி அங்கிள்?"

"ஓட்டம் நல்லம். சீற்றுத்தான் சரியில்லை. கனநேரம் இருந்தா எரியுது. மாத்தித் தாங்கோ எண்டு கேட்டிருக்கிறன்."

"எங்க எரியுது?"

"இருக்கிற இடத்திலதான். வேறெங்க?"

"அங்கயும் தோல் மாறியிருக்கோ?"

அவர் மின்தூக்கியின் இலக்கங்களைப் பார்த்தார். "உதெல்லாம் ஏன் பிள்ளை கேக்கிறாய்? என்ர மூத்தவளின்ர வயசு உனக்கு."

"டொக்டர் கேக்கேக்க ஒண்டும் இல்லை எண்டு சொன்னீங்கள்."

"நீ பக்கத்தில நிண்டா நான் வேற என்னத்தைச் சொல்லுறது?"

கதவு மூடிக்கொண்டது.

நான் எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பவள். அங்கேயே நின்று போட்டேன். ஒன்று, மருந்து வேலை செய்கிறது, முதுகே சாட்சி. இரண்டு, அதே உடம்பில் மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே வேறோர் இடத்தில் ஏதோ வளர்கிறது. மூன்று, அப்படியானால் இரண்டும் ஒரே நோயாக இல்லாமலிருக்கலாம். மூன்றாவதை எழுதிக் கையொப்பமிட எனக்குத் தகுதி இல்லை. சந்தேகப்படத் தகுதி தேவையில்லை என்பதை இந்த இடத்தில் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

சந்தேகத்தின் பெயரும் எனக்குத் தெரியும். இடது பக்கத்துக் கோப்புகளையும் நான்தானே அடுக்குகிறேன்? வெள்ளணுக்கள் புற்றாகி, இரத்தத்தில் ஓடாமல் தோலில் வந்து குடியேறும் ஒரு நோய் உண்டு. சொரியாசிஸ்போல, படைநோய்போல வேடம் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும். வெயில் படாத இடங்களில், உடுப்புக்குள் மறையும் இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். காவல் அணுக்களை அடக்கும் ஊசி போகும்போது அது துணிச்சலாக வளரவும் கூடும்.

கார்த்திக்கிடம் போனேன்.

"துளசி, ப்ளீஸ்," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த வாரம் பேப்பரை அனுப்புறோம். அந்த முதுகுதான் ஃபர்ஸ்ட் ஃபிகர்."

"முதுகுக்குக் கீழயும் ஆள் இருக்கிறார்."

"இருக்கட்டும். எதுவும் இல்லன்னு அவரே சொல்லியிருக்காரே."

"எனக்குச் சொன்னவர். ஒரு தமிழ்ப் பெட்டைக்கு. நீங்க எண்டா காற்சட்டையைக் கழட்டிக் காட்டுவீங்களோ?"

அவர் திரும்பினார். "சரி. இப்ப என்ன பண்ணணுங்கறீங்க?"

"அவரைத் திரும்பக் கூப்பிடுறன். நீங்க உள்ள போய் மொழிபெயர்க்க வேணும். நான் வெளியில இருக்கிறன்."

"நானா? அவர் பேசுறதுல பாதி எனக்குப் புரியாதே!"

"நீங்க பேசுறது அவருக்கு முழுக்க விளங்கும். நாள் முழுக்கத் தமிழ்ப் படம் பாக்கிறவர்."

சிவராசா வந்தார். நான் ஒரு நாற்காலியை இழுத்து நடைபாதையில் போட்டு, மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். கதவு மெல்லியது.

"சார், கொஞ்சம் பேண்ட்டை இறக்குங்க சார்."

"முழுக்கவோ?"

"முழுக்க சார்."

"அந்தப் பிள்ளை எங்க?"

"வெளிய உக்காந்திருக்காங்க சார். கதவு மூடியிருக்கு."

பெல்ட்டின் சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கடைசியில் மருத்துவர், கியூபெக்காரர்கள் வாய்க்குள் சொல்லும் வசைச்சொல் ஒன்றைச் சொன்னார். கார்த்திக் அதை மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. "இடுப்புலேர்ந்து தொடை வரைக்கும் இருக்குங்க. சில இடம் கட்டி மாதிரி தடிச்சிருக்கு. இதை எப்படி யாருமே பார்க்கல?"

"நீங்கள் எல்லாரும் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அதை ஏற்கெனவே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

ஒரு சிறு துண்டுத் தோலை வெட்டிச் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை ஊசியை நிறுத்த வேண்டும். மருத்துவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டியிருந்தது. முதலாமவர் சிவராசா. கார்த்திக் சொன்னது விளங்கினாலும் என்னிடம் திரும்பக் கேட்க வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஊசியை நிப்பாட்டினா கடி வருமோ?"

"வரலாம் அங்கிள்."

"வரலாமோ, வருமோ?"

"வரும்."

"அப்ப திரும்பவும் குளிசை. திரும்பவும் நித்திரை தூங்கிக்கொண்டு லேபிள் ஒட்ட வேணும். பெடியள் என்னை லேபிள் மாமா எண்டு கூப்பிட்டவங்கள், தெரியுமோ? இப்பதான் அந்தப் பேர் மறந்து போச்சு." கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டிப் பாக்காட்டில் என்ன?"

"என்ன நோய், என்ன வருத்தம் எண்டு தெரியாது. ஆனா அது வளரும்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

இப்படிக் கேட்டால் 'மருத்துவரைக் கேளுங்கள்' என்று சொல்லும்படி உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். மருத்துவரைத்தான் அவர் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தார், என் வாய் வழியாக. "உங்களுக்கு இருக்கிறது சொரியாசிஸ் மட்டும் எண்டு நான் நினைக்கேல்லை," என்றேன். "நான் டொக்டர் இல்லை. பிழையாயும் இருக்கலாம்."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "சரி, வெட்டட்டும். அந்தச் சார் பெடியனையே உள்ள விடு. நீ வெளியில நில்."

இரண்டாமவர் பேராசிரியர். அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஆய்வின் நடுவே ஊசியை நிறுத்த மருத்துவருக்குத் துணிவில்லை. துணிவின்மைக்கு நம் நடைபாதையில் மரியாதையான பெயர்கள் உண்டு. 'படிநிலை' அவற்றில் ஒன்று. ஆகவே நானும் கார்த்திக்கும் போனோம்.

பேராசிரியர் அமைதியாகக் கேட்டார். பிறகு, பெல்ட் உராய்ந்திருக்கலாம் என்றார். வண்டி இருக்கையாக இருக்கலாம் என்றார். இறுதி மதிப்பீடு முடியட்டும், கட்டுரையும் போகட்டும், அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றார். அந்த 'நிதானம்' யாருடைய தோலில் நடக்கப் போகிறது என்பதை அவர் சொல்லவில்லை. கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்கள் மருத்துவர் அல்லவே?" என்றார்.

"இல்லை. மொழிபெயர்ப்பாளரும் இல்லை. அதற்குக் கூப்பிட்டீர்கள், வந்தேன்."

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவிடம் போகலாம், அந்த எண் கையில் இருந்தது, தேவைப்பட்டால் அன்றைக்கே அழைத்திருப்பேன். ஆனால் குழு கூடுவதற்குள் அடுத்த ஊசி போய்விடக்கூடும். அதனால் முதலில் மற்ற வழியை எடுத்தேன். கையில் கொண்டுபோயிருந்த கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு பத்தியை வாசித்தேன். தோலில் வரும் இந்த இரத்தப் புற்றுநோய் எப்படிச் சொரியாசிஸாக வேடமிடும், வெயில் படாத இடங்களைப் பார்க்காமல் காவல் அணுக்களை அடக்கும் மருந்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய கவனக்குறைவு, நோயாளி கூச்சப்பட்டால் பரிசோதிப்பவர் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கடுமையான பத்தி.

பேராசிரியர் தலையை அசைத்து ரசித்தார். "நன்றாக எழுதியிருக்கிறார்கள். யார்?"

"நீங்கள்."

கார்த்திக் தன் காலணியைப் பார்த்தார். பேராசிரியர் தாளை வாங்கி ஆசிரியர் வரிசையைப் பார்த்தார். கடைசி இடத்தில், பெருமைக்குரிய இடத்தில், அவருடைய பெயர்தான். இடது பக்கத்துப் பட்டியலில் அது ஏதோ ஒரு வரி. ஏற்கப்பட்ட நாளில் அதற்கும் கேக் வெட்டினோம். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டார். ஊசி நின்றது, தோலை வெட்ட அனுமதி கிடைத்தது. அக்கறையால் இட்ட கையொப்பம் அல்ல அது, வெட்கத்தால் இட்டது. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. பெரிய மனிதர்களிடம் மனசாட்சியைத் தட்டி எழுப்பிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கர்வத்தைத் தட்டுங்கள். அது தூங்குவதே இல்லை.

முடிவு வந்தது. சந்தேகப்பட்டதுதான். முழங்கையிலும் முதுகிலும் இருந்தது நிஜமான சொரியாசிஸ். உடுப்புக்குள் இருந்தது இடது பக்கத்து நோய். தோலைத் தாண்டிப் போகவில்லை. ஒளிச் சிகிச்சை போதும் என்றார்கள், இப்போதைக்கு. சிவராசா நடைபாதையைக் கடந்து எதிர்ப்பக்கத்து நோயாளி ஆனார். கடி திரும்பி வந்தது. அந்தப் பனிக்காலம் முழுக்க லேபிள் ஒட்டினார். பெயரும் திரும்பி வந்தது. ஊசியை நிறுத்த வைத்தவள் நான் என்றாலும் அவர் என்னைத் திட்டவில்லை. அதற்காகவே இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை.

இனி பட்டியலுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம், ஏனென்றால் இங்கே எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

ஊசி மருந்துக் கட்டுரை வேறொருவரின் முதுகோடு வெளியானது. அது அவ்வளவு அழகான முதுகு இல்லை என்று கார்த்திக்கே ஒப்புக்கொண்டார். நோய்நாடலில் மாற்றம் ஏற்பட்டதால் ஒரு பங்கேற்பாளர் ஆய்விலிருந்து விலகினார் என்று அதில் ஒரு வாக்கியம் வந்தது. வீடு மாறிப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமான வாக்கியம்.

அடுத்து இரண்டாவது கட்டுரை. சொரியாசிஸ் சிகிச்சையின்போது வெளிப்பட்ட இரத்தப் புற்றுநோய், அரிய நேர்வு. இதில் படங்கள் இடுப்புக்குக் கீழே. கார்த்திக் முதல் பெயர், பேராசிரியர் கடைசிப் பெயர், நடுவே சிவராசாவைக் கண்டே இராத இருவர். நாம் தவறவிட்டோம் என்று எழுதாமல் நோய் 'மறைந்திருந்தது' என்று எழுதியிருந்தார்கள். நோய்மேல் பழி போட்டால் அது மறுப்புக் கடிதம் எழுதாது. கார்த்திக் தன் வரைவில் 'முழுமையற்ற பரிசோதனை' என்று ஒரு சொற்றொடர் வைத்திருந்தார். இரண்டு முறை வைத்தார், இரண்டு முறையும் மேலிடம் எடுத்துவிட்டது. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல விஷயம் இது. நன்றியுரையில் என் பெயர் இருந்தது: மொழி உதவிக்காக. நான் செய்த உதவி, அந்த அறையில் இல்லாமல் இருந்தது.

ஆக ஒரே மனிதர், இரண்டு வெளியீடுகள். ஒன்றில் அவர் இல்லை, மற்றதில் தலை இல்லை.

கேக் வந்தது. இந்தத் தடவை தலைப்பைச் சுருக்குவது சுலபமாக இருந்தது. பேக்கரிக்கார அம்மாள் முதன்முறையாகப் பாராட்டினார்: "இரண்டே சொல். உங்கள் பேராசிரியர் முன்னேறுகிறார், மதாம்." அரிய நேர்வு என்று பிரெஞ்சில், நீல கிரீமில் எழுதித் தந்தார்.

ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒளிச் சிகிச்சை அறைக்குப் போனேன். சிவராசா உள்ளே விளக்குகள் சூழ்ந்த கூண்டில் நின்றார். நான் வழக்கம்போல வெளியே நாற்காலியில். முடித்துச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். வண்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம், புதிய சீற்றோடு. சந்தோஷமாக இருந்தார்.

"உங்கட வருத்தத்தைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கு அங்கிள். அதுக்குத்தான் கேக்."

"படமும் போட்டிருக்கினமோ?"

"ஓம். நீங்கள் கையெழுத்து வைச்சுத் தந்தனீங்கள் எல்லோ."

"முகம் தெரியுமோ?"

"தெரியாது."

"மற்றது தெரியுதோ?"

"...ஓம்."

"உனக்குக் காட்டக்கூடாது எண்டு கட்டிக் காத்ததை உலகம் முழுக்கக் காட்டிப்போட்டாங்கள்." சிரித்துக்கொண்டே கேக்கைப் பார்த்தார். துண்டில் நீல எழுத்து பாதி இருந்தது. "இது என்ன எழுதியிருக்கு?"

"அரிது எண்டு."

"அரிது எண்டா?"

"கனக்க நடக்கிறேல்லை எண்டு."

"எது பிள்ளை?" என்றார் வாயில் கேக்கோடு. "அந்த வருத்தமோ, காற்சட்டையைக் கழட்டிப் பாத்ததோ?"